வாவா, வேணாமா?

காலை ஆறே முக்காலுக்கு விடுதியின் இரண்டாவது மாடியிலிருந்து "அம்மாடி!" என்று ஓர் அலறல் கேட்டது. கூடவே ஒரு பிளாஸ்டிக் வாளி கடகடவென்று உருண்டு போகிற சத்தம்.

நர்ஸம்மா அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்த கையோடு முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். அணியின் முதல் ஆட்டக்காரரான பல் டாக்டர், குளியலறை வாசலில் துண்டோடு உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சோப்பு, சிஸ்டர். யாரோ தரையில விட்டுட்டுப் போயிருக்காங்க."

"காட்டுங்க. இங்க தொட்டா வலிக்குதா?"

வலித்தது. கொஞ்ச நேரத்திலேயே கணுக்கால் கொழுக்கென்று வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனால் நல்ல சுளுக்கு.

"நடக்கலாம். ஓட முடியாது" என்றாள் நர்ஸம்மா.

"பவுண்டரியா அடிச்சா ஓட வேண்டாமே?"

"போன மேட்ச்ல எத்தனை பவுண்டரி அடிச்சீங்க?"

பல் டாக்டர் காலை நீட்டினார்.

கட்டுப் போட்டுக்கொண்டே நர்ஸம்மா விரல்விட்டு எண்ணினாள். பஸ்ஸில் கிளம்பும்போது பன்னிரண்டு ஆட்டக்காரர்கள். அதில் ஒருவர் பேரன் பிறந்துவிட்டான் என்று இரண்டாவது ஊரோடு திரும்பிப் போய்விட்டார். இப்போது இவரும் இல்லை. மிச்சம் பத்து. அப்படியென்றால் இந்த ஊர்க்காரர்கள்தான் ஓர் ஆளைக் கடன் கொடுக்க வேண்டும்.

அவளுடைய இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு சுளுக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை. வெட்கமாகவும் இருந்தது. அதனால் கட்டை இன்னும் ஒரு சுற்று அக்கறையாகச் சுற்றினாள்.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், நாற்பது வயதைத் தாண்டியவர்களின் அந்தக் கிரிக்கெட் அணி குடும்பம் குட்டிகளோடு ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நான்கு ஊர்களுக்குக் கிளம்பிவிடும். ஊருக்கு ஒரு ஆட்டம். இந்த வருடம் முதல் ஊரில் தோல்வி. இரண்டாவது ஊரில் மழை. மூன்றாவது ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நர்ஸம்மா வலியப்போய் வாங்கிக்கொண்டாள். "அங்க அழகான ஏரி இருக்காம்" என்றாள். அணியின் கேப்டனான அவள் கணவர், ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

அந்த ஊரில் ஏரி இருந்தது வாஸ்தவம்தான். அவர் தம்பியும் அங்கேதான் இருந்தார், அந்த ஊர் கிளப்பில்தான் ஆடினார்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சொத்துத் தகராறா என்றால் இல்லை. ஒரு ரன் அவுட்.

அது உள்ளூர் இறுதி ஆட்டம். தம்பி தொண்ணூற்றேழில் இருந்தார். பந்தைத் தட்டிவிட்டு எதிர்முனையில் நின்ற அண்ணனைப் பார்த்தார். அண்ணன் "வேணாம்" என்று கத்த வாயெடுத்தார். "வே" என்று ஆரம்பித்த மாத்திரத்தில் தம்பி காதில் அது "வா" என்று விழுந்துவிட்டது. பாதி தூரம் ஓடி வந்தபின் "ணாம்" வந்து சேர்ந்தது. அதற்குள் குச்சி பறந்துவிட்டது. சதமும் போச்சு, கோப்பையும் போச்சு.

"வான்னு கூப்பிட்டுட்டு நின்னுட்டான்" என்றார் தம்பி. "வேணாம்னு சொல்லியும் ஓடி வந்தான்" என்றார் அண்ணன். அன்று சாயங்காலம் வீட்டில் ஆரம்பித்த சண்டையில் பள்ளிக்கூட நாளிலிருந்து இருந்த பாக்கியெல்லாம் வெளியே வந்தது. ஒரு மாதத்தில் தம்பி வேறு ஊரில் லிப்ட் மெக்கானிக் வேலை தேடிக்கொண்டு பெண்டாட்டியோடு போய்விட்டார். அப்புறம் நான்கு கல்யாணங்களில் பார்த்துக்கொண்டார்கள். நான்கிலும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் நர்ஸம்மாவும் அவள் ஓரகத்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட போனில் பேசாமல் இருந்ததில்லை. இந்த ஏரி யோசனை அந்த இருவரின் மூன்று மாத உழைப்பு. ஆட்டம் முடிந்து, ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும்போது "அடடே, நீங்களா!" என்று தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு.

இப்போது அந்த ஏற்பாட்டைச் சோப்புக்கட்டி தன் கையில் எடுத்துக்கொண்டது.

மைதானத்தில் அந்த ஊர் கிளப்பின் செயலாளர், வட்டத் தொப்பியும் வாய் நிறையச் சிரிப்புமாக வரவேற்றார்.

"ஒரு ஆள் குறையுதா? கவலைய விடுங்க கேப்டன். எங்க ஆள் ஒருத்தர் இருக்கார். நல்லா ஆடுவார். என்னமோ இந்த மேட்ச்சுக்கு மட்டும் வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். இப்பதான் போன் பண்ணி ஆள் குறையுதுன்னேன், கிளம்பிட்டார். அதோ, ஸ்கூட்டர் சத்தம் கேக்குதே."

ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் ஓரகத்தி, மடியில் கிரிக்கெட் பையோடு. முன்னால் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். காதோரம் நரைத்திருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். தம்பியும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் செயலாளரைப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கத்துக்கு ஆள் குறையுதுன்னு நீங்க சொல்லவேயில்லையே?" என்றார் தம்பி.

"நீங்க கேக்கவேயில்லையே" என்றார் செயலாளர்.

தம்பி ஸ்கூட்டர் சாவியைத் திரும்பத் துவாரத்தில் நுழைத்தார். ஓரகத்தி இறங்கி, பையைத் தரையில் தொப்பென்று வைத்தாள்.

"வந்தாச்சு. பத்துப் பேர் வெயில்ல நிக்கறாங்க. விளையாட வந்தா விளையாடுங்க, இல்ல வீட்டுக்குப் போய்த் துணி மடிங்க. நான் அக்காவோட இருந்துட்டுதான் வருவேன்."

அவள் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். வரிசையில் நிற்கிறவர்களை ஒரு வார்த்தையில் அடக்கிப் பழக்கம். தம்பி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணியைப் பார்த்ததும் மட்டும் அவர் முகம் மாறியது. "நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"நல்லா இருக்கேன் தம்பி. இளைச்சுட்டீங்க."

"லிப்ட் ரிப்பேர்னா நாங்க படியிலதான அண்ணி ஏறணும்."

அந்தச் சின்னச் சிரிப்பு கண்ணாடிக்கடைக்காரர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஆடுகளத்தின் புல்லை ரொம்ப உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

உள்ளூர்க்காரர்கள் முதலில் ஆடினார்கள். கேப்டன் தன் ஆட்களை நிறுத்தும்போது கடன் வாங்கிய ஆளை எவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியுமோ அவ்வளவு தூரத்தில் நிறுத்தினார்.

"இன்னும் ஒரு அடி தள்ளினா அவர் அடுத்த ஊர்ல நிப்பார்" என்றார் பல் டாக்டர், நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அந்தத் தூரத்துக்கே ஒரு பந்து வானத்தில் எழும்பிப் போனது. தம்பி பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டார். மொத்த அணியும் அங்கே ஓடியது. கேப்டன் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று, வானத்தைப் பார்த்தபடி மூன்று தடவை கை தட்டினார்.

"மேகத்துக்குக் கை தட்டறாரு மாமா" என்றாள் ஓரகத்தி.

"மூணு தடவை தட்டினாரே, அதைப் பாரு" என்றாள் நர்ஸம்மா.

இவ்வளவையும் ஸ்கோர் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தவள் நர்ஸம்மாவின் மகள். பதினாறு வயது. வீட்டில் எல்லோருக்கும் சிட்டு. பெயர்தான் சிட்டு, கையில் பந்தைக் கொடுத்தால் நின்று பார்க்கவே பயமாக இருக்கும். மூன்று வருடமாக அவர்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் தினமும் சாயங்காலம் தப் தப்பென்று பந்து விழுந்து, அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

இடைவேளை விட்டதும் சிட்டு புத்தகத்தை மூடிவிட்டு, மைதானத்தின் மறுகோடியில் வலை கட்டியிருந்த பயிற்சி இடத்துக்கு ஓடினாள். அங்கே கழுத்தில் விசில் தொங்க, வெயிலில் கறுத்த ஒரு பெண்மணி நின்றிருந்தார். சிட்டு பந்து போடுவதும், அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதும் தூரத்தில் தெரிந்தது. ஓரகத்தியும் எலுமிச்சை ஜூஸ் டம்ளரோடு அங்கே போய் நின்றாள்.

'வெயில்ல எதுக்கு அங்க போய் நிக்கறா?' என்று நர்ஸம்மா ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் பல் டாக்டர் ஐஸ் கேட்டார். நினைப்பு கலைந்துவிட்டது.

உள்ளூர் அணி எடுத்தது நூற்று ஐம்பத்தெட்டு. ஜெயிக்க நூற்று ஐம்பத்தொன்பது வேண்டும், இருபத்தைந்து ஓவரில்.

கண்ணாடிக்கடைக்காரர் நான்காவது ஆளாகப் போய் நங்கூரம் போட்டது போல் ஒரு முனையில் நின்றார். மறுமுனையில் ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள். ஐந்து பேர் போனபோது செயலாளர் நர்ஸம்மாவிடம், "அடுத்து நம்ம ஆள்தான்" என்றார் உற்சாகமாக. யாருடைய தலையெழுத்து எப்படியோ, அவருக்கு எல்லாமே விளையாட்டு.

தம்பி பல் டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்து கால்களுக்குப் பேடு கட்டினார். நர்ஸம்மா குனிந்து ஐஸ் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் பல் டாக்டர். "எங்க டீம்ல ஓடும்போது 'வேணாம்'னு சொல்லக் கூடாது. ஓடணும்னா 'வா'. வேண்டாம்னா 'இரு'. ரெண்டே வார்த்தைதான். மறந்து வேணாம்னு சொன்னா எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்."

தம்பியின் கை பேடு வாரில் நின்றது. "இது யாரு போட்ட சட்டம்?"

"கேப்டன்தான். 'வே'யும் 'வா'வும் காதுக்கு ஒண்ணா கேக்குது, எதிர்ல இருக்கிறவன் மேல தப்பில்லன்னு சொன்னார். நாங்க சிரிச்சோம். அவர் சிரிக்கல."

"எப்ப சொன்னார்?"

"அது ஆச்சு, பத்து பதினோரு வருஷம். நான் டீமுக்கு வந்த புதுசு."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருடமாக அதே வீட்டில், அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. 'எதிர்ல இருக்கிறவன் மேல தப்பில்ல.' அணியிலிருந்த பத்துப் பேரிடம் சொல்ல வந்தது, ஒரே ஒருவனிடம் சொல்ல வரவில்லை. மனுஷன் எப்படித்தான் மனதில் வைத்துக்கொண்டிருந்தாரோ!

தம்பி வாரைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

ஆறாவது குச்சி விழுந்தது. ஸ்கோர் நூற்று நான்கு. மீதி எட்டு ஓவர், ஐம்பத்தைந்து ரன். தம்பி மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். ஓரகத்தி நர்ஸம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். ஆட்டம் முடிகிற வரைக்கும் விடவில்லை.

உள்ளே நடந்த பேச்சுவார்த்தையை நடுவர் அப்புறம் டீ குடிக்கும்போது எல்லோருக்கும் நடித்தே காட்டினார்.

"அம்பயர் சார், புதுசா வந்தவர்கிட்ட சொல்லுங்க. லெக் பக்கம் ரெண்டு ஆள் இருக்கு, தூக்கி அடிக்க வேண்டாம்."

"அம்பயர் சார், எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட சொல்லுங்க."

"அப்படின்னா போன ஓவர்ல அந்த நேர் பந்தை ஏன் விட்டார்னு கேளுங்க."

"அம்பது பந்துல இருபது ரன் எடுத்தவங்க கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஐயா, நான் அம்பயரா, தபால்காரனா?" என்றாராம் நடுவர்.

ஆனால் ரன் வந்தது. அதுதான் ஆச்சரியம். 'வா'வும் இல்லை, 'இரு'வும் இல்லை. தம்பி தட்டுவார், அண்ணன் கிளம்பியிருப்பார். அண்ணன் தோளைச் சாய்ப்பார், தம்பி நின்றுவிடுவார். ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்காமலே ஓடினார்கள். ஒரே வீட்டு முற்றத்தில் பதினைந்து வருடம் சேர்ந்து ஓடிய கால்கள் அல்லவா! அவற்றுக்குச் சண்டை விஷயம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நூற்று இருபது. நூற்று முப்பத்தைந்து. நூற்று ஐம்பது. பஸ்ஸிலிருந்து தூங்கி எழுந்தவர்கள்கூட இறங்கி வந்து கயிற்றோரம் நின்றார்கள். சிட்டு எண்களை எழுதிக்கொண்டே நகத்தைக் கடித்தாள்.

கடைசிப் பந்து. ஸ்கோர் நூற்று ஐம்பத்தேழு. இரண்டு எடுத்தால் வெற்றி. மட்டை தம்பி கையில்.

அவர் பந்தை வலதுபக்க எல்லைக்கு அடித்தார். கயிற்றுக்கு முன்னால் ஓர் ஆள் அதை மறித்தார். முதல் ரன்னுக்கு இருவரும் குறுக்கே ஓடி முடித்தார்கள். சமம்! மறித்த ஆள் பந்தைக் கைநழுவ விட்டார். இரண்டாவது ரன் தாராளமாக இருந்தது. பந்துவீச்சாளர் முனையிலிருந்து தம்பி திரும்பினார். திரும்பிய வேகத்தில், மைதானத்தின் நான்கு மூலைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அண்ணா! வா, அண்ணா!"

கத்திக்கொண்டே தலை தெறிக்க ஓடினார்.

எதிர்முனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நின்றது நின்றபடி. மட்டை கோட்டுக்குள், கால் கோட்டுக்குள், வாய் லேசாகத் திறந்தபடி.

"ஓடுங்க மாமா!" என்று ஓரகத்தி அலறினாள்.

"ஓடுங்க கேப்டன்!" என்று பல் டாக்டர் சுளுக்கிய காலை ஊன்றி எழுந்தே விட்டார்.

அவர் ஓடவில்லை. தம்பி முழுத் தூரமும் ஓடி வந்து அண்ணன் நின்ற கோட்டிலேயே வந்து முட்டி நின்றார். அந்தப் பக்கம் பந்து நிதானமாக வந்து சேர்ந்தது. யாரும் இல்லாத முனையில் குச்சியின் மேலிருந்த கட்டைகளை ஒருவர் மெல்லத் தட்டிவிட்டார். ஆட்டம் சமம்.

நடுவர் விரலைத் தூக்கினார். ஒரே கோட்டுக்குள் இரண்டு பேர் நின்றால், முதலில் நின்றவருக்குத்தான் அந்த இடம் சொந்தம். ஆக, அவுட் ஆனது தம்பி. மறுபடியும் தம்பி. மறுபடியும் ரன் அவுட்.

"அக்கா, போச்சு" என்றாள் ஓரகத்தி. "இன்னும் பதினோரு வருஷம்."

நர்ஸம்மா முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள். யாருக்கும் அடிபடவில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டி கையில் இருந்தால் எங்கே ஓடினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்... ஏன் ஓடல நீ?"

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ அண்ணான்னியே."

"ஆமா, சொன்னேன். அதுக்கு?"

"காதுல விழுந்துச்சு. கால் வரல."

"கூப்பிட்டா ஓடி வரணும். நிக்கவா கூப்பிட்டாங்க?"

"திரும்பக் கேக்கணும் போல இருந்துச்சுடா" என்றார் அண்ணன். "அன்னிக்கு... அன்னிக்கு நான் சொன்னது சரியாக் கேக்கல உனக்கு. நான்தான் ஒழுங்காச் சொல்லியிருக்கணும். உன் மேல தப்பில்ல."

தம்பி நிமிர்ந்தார். அண்ணனையே பார்த்தார். மூக்கு விடைத்தது. அழப்போகிறார் என்றுதான் நர்ஸம்மா நினைத்தாள். அவரோ குபீரென்று சிரித்துவிட்டார்.

"அன்னிக்கு வேணாம்னு சொன்னே, ஓடி வந்து அவுட் ஆனேன். இன்னிக்கு நானே வான்னு சொல்லி ஓடி வந்து அவுட் ஆனேன். உன்கூட ஆடினா எனக்கு விமோசனமே கிடையாதா?"

அண்ணனும் சிரித்தார். இரண்டு பெரிய ஆட்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிரணிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயித்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டு இப்படிச் சிரிக்கிறவர்களை அவர்கள் பார்த்ததில்லை.

"சிஸ்டர், ஏதாவது அடியா?" என்று நடுவர் பதறினார்.

"பழைய அடி. ஆறிடுச்சு" என்றாள் நர்ஸம்மா. கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பஞ்சு பெட்டியிலேயே இருந்தது.

டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பதினோரு வருடப் பேச்சை ஒரே மூச்சில் பேசினார்கள். லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட மேயர் கதை ஒரு பக்கம். கண் பரிசோதனைக்கு வந்து எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்பித்தவர் கதை ஒரு பக்கம். யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்றே தெரியவில்லை.

நர்ஸம்மா காலை நீட்டி மரத்தடியில் உட்கார்ந்தாள். மூன்று மாதக் கவலை இறங்கிவிட்ட உடம்பு லேசாக இருந்தது. 'நம்மளும் ஒரு காரியம் சாதிச்சுட்டோம்' என்று மனதுக்குள் ஒரு பெருமை. ஏரிக்குப் போய் ஒன்றுக்கு இரண்டாக ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும்.

அப்போதுதான் எதிரில் மூன்று பேர் வந்து நின்றார்கள். சிட்டு. ஓரகத்தி. விசில் அணிந்த அந்தப் பெண்மணி.

மூவர் முகத்தையும் பார்த்தாள். வார்டில், உறவினர் ஒருவரை முன்னால் தள்ளிவிட்டு மற்றவர்கள் பின்னால் நிற்பார்களே, அதே நிற்பு.

"என்ன?"

"அம்மா, இவங்க கோச். இங்க பொண்ணுங்க டீமுக்கு."

"உங்க பொண்ணு நல்லாப் போடறா" என்றார் கோச், சுற்றி வளைக்காமல். "இவ்வளவு வேகத்தை நான் இந்த வயசுல பார்த்ததில்ல. ஆனா ஓடி வர்றது தப்பு. இப்படியே போட்டா ரெண்டு வருஷத்துல முதுகு போயிடும். இங்க ஒரு வருஷம் இருந்தா சரி பண்ணிடுவேன். பக்கத்துலயே பள்ளிக்கூடம், எங்க பொண்ணுங்க எல்லாம் அங்கதான் படிக்கறாங்க. யோசிச்சு நாளைக்குக் காலைல சொல்லுங்க."

ஒரு தாளைக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். விண்ணப்பம். பெயர், வயது எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது, சிட்டுவின் கோணல் கையெழுத்தில்.

"எங்க தங்குவே?" என்றாள் நர்ஸம்மா. கேட்ட உடனேயே பதில் புரிந்துவிட்டது. மெல்லத் திரும்பி ஓரகத்தியைப் பார்த்தாள்.

தபால் நிலையத்தையே அடக்குகிறவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தானேக்கா இருக்கு."

"நீங்க ரெண்டு பேரும் இதை எப்ப இருந்து பேசிட்டிருக்கீங்க?"

"நீங்க ஏரி யோசனை சொன்னீங்களே, அதுக்கு அடுத்த வாரம். சிட்டு பந்து போடற வீடியோ அனுப்பினா. நான் கோச்கிட்ட காட்டினேன். நேர்ல பார்க்கணும்னாங்க. எப்படியும் நீங்க இந்த ஊருக்குத்தானே வரப்போறீங்க..."

நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்புதான். அவள் கணவருக்குத் தெரியாமல் ஒரு திட்டம் போட்டாளே, அந்தத் திட்டத்துக்குள்ளேயே அவளுக்குத் தெரியாமல் இன்னொரு திட்டம் ஓடியிருக்கிறது! அதுவும் அவளுடைய பஸ்ஸிலேயே ஏறி வந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் வீடு நினைவுக்கு வந்தது. இரவுப் பணி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால் வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் ஷூக்கள். மொட்டைமாடியில் அந்தத் தப் தப். ஒரு வருடம். முந்நூற்றறுபத்தைந்து சாயங்காலம்.

"நீ என்ன நினைக்கிறே? கோச் சொன்னது, சித்தி சொன்னது வேண்டாம். நீ சொல்லு."

சிட்டு தரையைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா முதுகு வலிக்குதும்மா. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லல."

நர்ஸம்மா ஊருக்கெல்லாம் வலி எங்கே என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிறவள். வீட்டில் இருந்த வலி கண்ணில் படவில்லை. மகளைத் திருப்பி நிறுத்தி, முதுகுத்தண்டை மேலிருந்து கீழ்வரை விரலால் அழுத்திப் பார்த்தாள். இடுப்புக்கு மேல் ஓரிடத்தில் சிட்டு லேசாகத் துள்ளினாள்.

"இங்கதானா?"

"ம்."

"இதைச் சரி பண்றேன்னு சொன்னாங்களா அவங்க?"

"முதல்ல மூணு மாசம் பந்தே போட விடமாட்டாங்களாம். உடற்பயிற்சிதானாம். நான் சரின்னுட்டேன்."

பந்தைத் தொடாமல் மூன்று மாதம். அதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறாள் என்றால் இது விளையாட்டு ஆசை மட்டும் இல்லை. அந்த ஒரு பதிலில் நர்ஸம்மாவின் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"பேனா கொடு."

"அம்மா!"

"கத்தாதே. முதல்ல ஒரு நல்ல டாக்டர்கிட்ட முதுகைக் காட்டறோம். அவர் சரின்னாதான் மிச்சமெல்லாம்."

சிட்டு நூறு தடவை தலையாட்டினாள். நர்ஸம்மா தாளை முதலுதவிப் பெட்டியின் மேல் வைத்துத் தாயார் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதற்குக் கீழே தகப்பனார் என்று இன்னொரு கோடு. காலியாக இருந்தது.

மூவரும் ஒரே நேரத்தில் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் சிட்டு.

"தம்பிக்கு?"

"நான் எங்க சொன்னேன்? அவருக்குச் சொன்னா மாமா பேரையும் சேர்த்துச் சொல்லணுமே" என்றாள் ஓரகத்தி.

"பஸ் நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கும்மா."

"நல்லா இருக்கு" என்றாள் நர்ஸம்மா. தாளை இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். மனுஷன் இன்று நல்ல மனநிலையில் இருக்கிறார். பதினோரு வருடத்துக்குப் பிறகு சிரித்திருக்கிறார். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் இனி எப்போது வரும்?

பெஞ்சை நோக்கி நடந்தாள். பின்னாலேயே சற்றுத் தள்ளி மற்ற இருவரும், கோழிக்குஞ்சுகள் மாதிரி.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவி வருவதைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் வெளிச்சமாக, தம்பியின் தோளில் கை போட்டபடி உரக்கக் கூப்பிட்டார்.

"வா வா! உன்னைத்தான் தேடிட்டிருந்தேன். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு பண்ணிட்டோம். இவன் நம்ம ஊருக்கே மாத்தல் வாங்கிட்டு வந்துடறான். அடுத்த மாசமே! இனிமே நம்ம குடும்பத்துல யாரும் யாரையும் விட்டுட்டு வேற ஊர்ல இருக்கிற பேச்சே கிடையாது. என்ன சொல்றே?"

நர்ஸம்மா மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள்.